கற்பூரம் அணைவதற்குள்

14

போன வாரம் திலகவதியை நாகவல்லி ரோலிங் மில்லின் கன்ட்ரோல் ரூம் வாசலில் நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்குக் கிளம்பிவிட்டோம். பாவம், ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாள். வாசகர்களில் சிலர் கடிதம் போட்டுக் கோபித்துக்கொண்டார்கள். நியாயமான கோபம்தான். வாருங்கள், போய்ப் பார்ப்போம்.

விஜயதசமி முடிந்து அன்று காலைதான் மில்லைத் திறந்திருந்தார்கள். கம்பி உருட்டும் வரிசை முழுவதையும் ஓட்டுவது அந்த ஒரு கம்ப்யூட்டர்தான். ஸ்விட்சைப் போட்டதும் வழக்கமாக வருகிற பச்சைக் கட்டங்கள் வரவில்லை. கறுப்புத் திரையில் சிவப்பாக ஆங்கில எழுத்து வந்தது. உங்கள் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமானால் பணம் கட்டுங்கள் என்று எந்த ஊரிலோ உட்கார்ந்திருக்கும் எவனோ எழுதியிருந்தான். மானிட்டரின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்படியே இருந்தன.

இது எப்படி உள்ளே வந்தது என்று மில்லில் ஆளாளுக்குக் கேட்டார்கள். திலகவதி மட்டும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். திலகவதி அந்த மில்லின் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். நாட்டில் திருட்டுக் கூட்டம் இணையம் வழியாகக் கம்பெனிகளுக்குள் நுழைவது அதிகமாகி, மத்திய அரசு கட்டுப்பாடுகளை இறுக்கியதும், பாதுகாப்புப் பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது. சம்பளம் ஏறவில்லை. திட்டு மட்டும் ஏறியது. சென்னையில் அரசு நடத்திய பயிற்சிக்குப் போனாள். திரும்பி வந்ததும் இரண்டு காரியம் செய்தாள். மில் கேட்டில் மரத்தால் அறை அறையாக ஒரு டப்பா வைத்து, உள்ளே வருகிறவர்கள் போனை அதில் போட்டுவிட்டு வரவேண்டும் என்றாள். கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரில் பென்டிரைவ் செருகும் ஓட்டைகளுக்கெல்லாம் சின்னப் பூட்டு மாட்டி, சாவியைத் தன் ஐ.டி. கார்டு கயிற்றிலேயே கோத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்கு 'டப்பா மேடம்' என்று பேர்.

டப்பா மேடத்தின் மாமனார் துளசிராமன் அதே மில்லில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் அவர் வராமல் அங்கே ஆயுத பூஜை கிடையாது. வருஷா வருஷம் கன்ட்ரோல் ரூமுக்கு ஏறிப் போய், தன் போனை ஸ்பீக்கர் ஒயரில் மாட்டி, மில் முழுக்க அம்மன் பாட்டு போட்டுவிட்டுத்தான் கீழே வந்து பூசணிக்காய் சுற்றுவார். இந்த வருஷம் மருமகள் போன் கூடாது என்றுவிட்டாள். மனுஷன் முனகவில்லை. கேட்டில் போனைக் கொடுத்துவிட்டு, மேலே வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார்.

"போன் தானே கூடாதுன்ன? இது போன் இல்லியே! பஜாரு கடையில பாட்டு ஏத்திக்கினு வந்துட்டேன்."

"மாமா, இதுவும் கூடாது மாமா."

"கீழ கற்பூரம் ஏத்திட்டாங்கம்மா. நல்ல நேரம் போயிக்கினு கீது. ஒரே ஒரு பாட்டு."

அந்த அறையில் மூன்று பேர்தான். திலகவதி, துளசிராமன், அப்புறம் ரிஜ்வான். ரிஜ்வான் பழவேற்காட்டுப் பையன், கான்ட்ராக்டில் வேலை செய்கிறவன். பூஜை நேரத்தில் ரூமை அவன் பார்த்துக்கொள்வான், மற்றவர்கள் கீழே போவார்கள். ரம்ஜான் அன்று அவன் ஷிப்டை அவர்கள் பார்ப்பார்கள். யாரும் எழுதி வைக்காத ஏற்பாடு அது. அன்றும் அவன்தான் எழுந்து துளசிராமனுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தான்.

திலகவதி சாவியை எடுத்தாள்.

தெரியாமல் செய்திருந்தால்கூட மனசு ஆறும். தெரிந்தேதான் செய்தாள். மாமனார் ஆசையாகக் கேட்டார், கீழே கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது, முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கற்பூரம் அணைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இனி மில் திறந்த காலைக்கு வருவோம்.

மேனேஜர் வெங்கடேசன் படியேறி வரும்போதே கத்திக்கொண்டு வந்தார்.

"கடைசியா இந்த ரூம்ல யாரு இருந்தா?"

"நான்தான் சார்," என்றான் ரிஜ்வான்.

"எல்லாரும் கீழ பூஜையில. நீ ஒருத்தன் மட்டும் மேல. இன்னா பண்ணே? படம் பாத்தியா, கேம் வெளாண்டியா? பூட்ட நெம்பிப் பென்டிரைவ் கிண்டிரைவ் போட்டியா?"

"நான் எதுவும் போடல சார்."

"பின்ன பேயா வந்து போட்டுச்சு?"

ரிஜ்வான் திரும்பித் திலகவதியைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வைதான். அவள் மானிட்டரில் இருந்த குங்குமத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லியிருக்கலாம். 'பூட்டைத் திறந்தது நான்தான் சார்' என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். இந்த அத்தியாயமே எனக்கு மிச்சமாகியிருக்கும். ஆனால் அவள் சொன்னது வேறு.

"சார், மொதல்ல நான் பாத்துட்டுச் சொல்றேன். தெரிஞ்சதிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள்ள அரசாங்கத்துக்கு ரிப்போர்ட் அனுப்பணும். மதியம் ரெண்டு மணிக்குள்ள."

"ஊரெல்லாம் தமுக்கடிக்கணுமா?"

"சட்டம் சார் அது."

"சரி, அனுப்பு. கான்ட்ராக்ட் பையன் கவனமில்லாம இருந்துட்டான், நடவடிக்கை எடுத்துட்டோம்னு எழுது. ஆச்சு." ரிஜ்வான் பக்கம் திரும்பி, "நீ ஆபீஸ் வாசல்ல போய் உக்காரு," என்றார்.

ரிஜ்வான் போனான். போகும்போது நாற்காலியை மேஜைக்கு அடியில் சரியாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனான்.

*

திலகவதி கேட்டுக்குப் போய் டப்பாவிலிருந்து தன் போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள். அன்புசெல்வன் தூரத்தில் இல்லை. அதே மில்லுக்கு ஆள் ஏற்றி இறக்குகிற வேன் வைத்திருப்பவன், காலை டிரிப்பை முடித்துவிட்டு எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தான்.

"நாஷ்டா துன்னியா?" என்பதுதான் அவன் முதல் கேள்வி. வேனுக்குள் உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் சொன்னதும் கையிலிருந்த டீயை ஜன்னல் வழியாக ஊற்றிவிட்டான்.

"அய்யய்யோ. நைனா பேரையா எழுதப் போற?"

"எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. வேற என்னத்தை எழுத?"

"தெரியலன்னு எழுது."

"தெரியும்ங்க."

அவன் வேன் ஜன்னலை ஏற்றிவிட்டான். அப்புறம் குரலை இறக்கிப் பேசினான்.

"திலகா, இங்க பாரு. நைனா கேட்டுக்குள்ள வரும்போது அந்த செக்யூரிட்டி எழுந்து வணக்கம் வெக்கறான் பாரு, அதுக்குத்தான் அவரு வருஷம் பூரா காத்துக்கினு கீறாரு. பூஜைக்குப் பத்து நாள் முன்னயே வெள்ளச் சட்டைய அவரே தொவச்சிக் கஞ்சி போடறாரு. உனக்குத் தெரியாதா? இனிமே அவரால கேட்டாண்ட போக முடியுமா? மில்ல கெடுத்தவன்னு சொல்லுவானுங்க. அந்தாளு செத்துடுவாரு."

"ரிஜ்வான் மாட்டிக்குவான்ங்க."

"அவன் சின்னப் பையன். இங்க இல்லன்னா சிப்காட்ல வேற கம்பெனியே இல்லியா? நானே சொல்லி சேத்து உடறேன்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்! வெட்கக்கேடு என்னவென்றால், அந்த நிமிஷம் திலகவதிக்கும் அது சுலபமாகத்தான் தோன்றியது. ரிஜ்வானுக்கு வேறு வேலை வாங்கிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளும் நினைத்தாள். அப்படி நினைத்ததைத்தான் பின்னால் அவளால் மன்னிக்க முடியவில்லை.

"மொதல்ல அந்தப் பென்டிரைவ் வேணும். ஊட்டுக்குப் போங்க," என்றாள்.

*

அவர்கள் ஊர் கவரைப்பேட்டை தாண்டி உள்ளே போக வேண்டும். சம்பா நடவு நேரம். துளசிராமன் கழனியிலிருந்து வந்து குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். வேனைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னாம்மா, மில்லு ஓட ஆரமிச்சுட்சா? அன்னிக்கிப் பாட்டு எப்படி கணீர்னு கேட்டுச்சு பாத்தியா? போன்ல போட்டா அந்த சத்தம் வராது. அடுத்த வருசமும் இதான்."

அன்புசெல்வன் வேனை விட்டு இறங்கவேயில்லை.

"மாமா, அந்தப் பென்டிரைவ் குடுங்க."

"இன்னாத்துக்கு?"

"சும்மாதான் மாமா. பாட்டு நல்லா இருக்குன்னு கேட்டாங்க."

பொய் எவ்வளவு சரளமாக வந்தது பாருங்கள்.

"எடுத்துக்கோ. சாமி மாடத்துல கீது."

மாடத்தில் அம்மன் படத்துக்கு முன்னால், அரிவாள், மண்வெட்டி, ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் பக்கத்தில், அந்தக் கட்டைவிரல் அளவு பென்டிரைவும் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "அதுவும் சாமானந்தானேன்னு வெச்சேன்," என்றார் துளசிராமன் பின்னாலிருந்து. திலகவதி அதைப் பொட்டோடு ஒரு பாலித்தீன் கவரில் போட்டுக்கொண்டாள்.

"எந்தக் கடையில மாமா ஏத்தினீங்க?"

"பஜார்லதான், மார்க்கெட் பக்கம் திரும்புற முனையில. ஐயோ, இன்னா கூட்டம்ன்ற அன்னிக்கி! எல்லாம் கம்பெனி ஆளுங்க. எல்லா எடத்துலயும் போன் உள்ள உடறதில்லையாம். ஆளுக்கு ஒண்ணு வாங்கிக்கினு நிக்கறானுங்க. கடக்காரன் அதே பாட்ட எல்லாத்துக்கும் ஏத்தி ஏத்திக் குடுத்துக்கினே கீறான்."

திலகவதி அப்படியே நின்றுவிட்டாள். பூஜை முடிந்து இன்றைக்குத் திறக்கப்போவது நாகவல்லி மில் மட்டுமா? சிப்காட்டில் எத்தனை கம்பெனி! சென்னைப் பயிற்சியில் சொன்னது காதுக்குள் கேட்டது. உங்க ஊட்டுத் திருட்டு உங்க தெருவுக்கே வர்ற திருட்டு, எந்த வழியா வந்தான்னு சொன்னாத்தான் பக்கத்து ஊட்டுக்காரன் கதவைச் சாத்துவான் என்று பாடம் எடுத்த அம்மாள் படித்துப் படித்துச் சொன்னாளே.

மாமியார் முத்தம்மாள் உள்ளேயிருந்து தட்டோடு வந்தாள். "நின்ன காலோடவே போறியே, ரெண்டு வாய் துன்னுட்டுப் போ. மூஞ்சி இன்னா இப்படிக் கீது?"

"தலவலி அத்தை."

துளசிராமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மருமகளையே பார்த்தார். "மில்லுல ஏதாவது பேஜாரா?"

"ஒண்ணும் இல்ல மாமா."

அவர் கேட்டார். அவளாகத்தான் சொல்லவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆந்திரா பக்கம் போகிற சரக்கு வண்டி முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. திலகவதியின் மடியில் அந்தப் பாலித்தீன் கவர்.

மில் கேட்டில் வேன் நின்றபோது உள்ளேயிருந்து ரிஜ்வான் வந்துகொண்டிருந்தான். தோளில் சாப்பாட்டுப் பை. கழுத்தில் கயிறு இல்லை. செக்யூரிட்டி தானியேல் கையில் அவனுடைய பாஸ் இருந்தது.

"ரிஜ்வான்! என்னாச்சு?"

"நாளையிலேர்ந்து வரவேணான்னுட்டாங்க அக்கா."

உள்ளே 'மேடம்', வெளியே 'அக்கா'. அவன் எப்போதும் அப்படித்தான். பாஸைக் கொடுத்தாகிவிட்டது, இப்போது அக்கா.

"நீ சொல்லலையா? யார் போட்டதுன்னு?"

அவன் தரையைப் பார்த்தான்.

"நான் எப்படிக்கா சொல்றது? உங்க மாமனாரு. அதுவும் பூஜ அன்னிக்கி. சாமி பாட்டாலதான் கெட்டுப்போச்சுன்னு நான் வாயத் தொறந்தா, அத்த நான் சொன்ன மாதிரியா எடுத்துப்பாங்க? யாரு சொல்றான் பாருன்னு பேச்சு வேற எங்கியாவது போயிடும். அதான்... நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

குத்திக்காட்டவில்லை அவன். குரலில் கோபம்கூட இல்லை. ரொம்ப நேரமாக ஒரு பஸ்ஸுக்காக நின்றுவிட்டு, இனி வராது என்று கிளம்புகிறவன் சொல்கிற மாதிரி சொன்னான். கோபித்திருந்தால் திலகவதிக்குத் தாங்கியிருக்கும்.

"இரு ரிஜ்வான். இரு, நான் இப்பவே போய்ப் பேசறேன்."

"பஸ் வந்துடும்கா. நான் வரேன்."

போய்விட்டான். தானியேலுக்குத் தலையாட்டிவிட்டு, டப்பாவைத் தாண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனான். வேனுக்குள் அன்புசெல்வன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

திலகவதி ஓடினாள். தன் போனை டப்பாவில் போட்டுவிட்டு, படியேறி, நேராகத் தன் மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். யாரிடமும் கேட்கவில்லை. பென்டிரைவைக் கொண்டுவந்தவர் என் மாமனார் துளசிராமன். பூட்டைத் திறந்து அதைச் செருக அனுமதித்தவள் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கும் திலகவதி ஆகிய நான். விதி தெரிந்தே அனுமதித்தேன். பணியில் இருந்த ரிஜ்வானுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. கடை இன்ன இடத்தில், அங்கே வேறு பல கம்பெனிக்காரர்களும் பாட்டு ஏற்றியிருக்கிறார்கள். அனுப்பு என்ற இடத்தை அழுத்தும்போது இரண்டு மணி ஆக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

சீக்கிரமே ஆபீஸ் போனுக்கு அழைப்பு வந்தது. சாராள். பயிற்சியில் பாடம் எடுத்த அதே அரசாங்கத்து அம்மாள்.

"திலகவதி, உங்க ரிப்போர்ட்டைப் பார்த்தேன். முதல்ல அந்தக் கடை எங்க இருக்கு, தெளிவா சொல்லுங்க. யாரையும் தண்டிக்கறதுக்காகக் கேக்கல. இன்னும் யார் யார் செருகப் போறாங்கன்னுதான் எனக்குக் கவலை."

திலகவதி சொன்னாள். சிப்காட் முழுக்கக் கம்பெனி கம்பெனியாகப் போன் பறந்தது. சாயங்காலம் சாராள் மறுபடி கூப்பிட்டாள்.

"மூணு இடத்துல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டோம். நல்ல காரியம் பண்ணீங்க."

"நன்றி மேடம்."

"ஒரு கம்பெனியில மட்டும் மதியம் ஒரு மணிக்கே மிஷினைப் போட்டுட்டாங்க. அவங்களுதும் போச்சு. காலையிலயே தெரிஞ்சிருந்தா..." சாராள் நிறுத்திக்கொண்டாள். "பரவாயில்லை. ஆறு மணி நேரத்துக்குள்ள சொல்லிட்டீங்க. சட்டப்படி எல்லாம் சரி."

சட்டப்படி எல்லாம் சரி! மனசாட்சிக்கு ஒரு சட்டப் புத்தகம் இருந்தால் அதில் ஆறு நிமிஷம்தான் கொடுத்திருப்பார்கள். திலகவதி போனை வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

வெங்கடேசன் அதற்குள் இரண்டு முறை அவளை அறைக்குக் கூப்பிட்டுத் திட்டித் தீர்த்திருந்தார். "உன்னை என்ன பண்றதுன்னு மேல கேட்டுத்தான் சொல்லணும். உன் மாமனாரு இனிமே இந்த கேட்டுப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது."

"சரி சார். ரிஜ்வானைத் திரும்ப வரச் சொல்லணும் சார்."

"வரச் சொல்லு. நானா வேணாங்கறேன்?"

"நீங்க அவன் கிட்ட ஒரு வார்த்தை..."

"நானா? ஏம்மா, தப்பு பண்ணது நீ. நீயே பேசு."

மனுஷர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் உடனே கூப்பிட அவளுக்குத் தைரியம் வரவில்லை. என்ன முகத்தோடு பேசுவது? முதலில் வீட்டில் சொல்லிவிடுவோம், அப்புறம் அவனிடம் பேசலாம் என்று தள்ளிப்போட்டாள். அன்று முழுக்க அவள் செய்தது அது ஒன்றுதான்.

*

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்தாள். துளசிராமன் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். அன்புசெல்வன் தகராறை எதிர்பார்த்து வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டான். திலகவதி டி.வி.யை நிறுத்திவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வரி விடவில்லை.

முத்தம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். துளசிராமன் கத்தவில்லை.

"என் பேர எழுதிட்டியா?"

"நீங்க கொண்டாந்தீங்க, நான் தொறந்தேன்னு ரெண்டு பேரையும் எழுதினேன் மாமா. மன்னிச்சுக்கோங்க."

"எழுதத்தான் வேணும். நான்தானே கொண்டாந்தேன்?" அவர் நிமிர்ந்தார். "காத்தால வந்தியே. எனக்கெதிர்லதான நின்னே? பேஜாரான்னு நானே கேட்டேனே. ஏம்மா சொல்லல?"

வாசலில் இருந்த அன்புசெல்வன் சொன்னான். "நான்தான் வேணான்னேன் நைனா. நீ தாங்க மாட்டேன்னு..."

"நீ இன்னாடா சொல்றது? நான் இன்னா கண்ணாடி பொம்மையா?" இப்போதுதான் அவர் குரல் உயர்ந்தது, உயர்ந்த வேகத்தில் உடைந்தும் போனது. "வணக்கம் வெக்கறான், வணக்கம் வெக்கறான்னு நான் பெருமையா சொல்லிக்கினது உங்களுக்கு அவ்ளோ பெருசா பூட்சா? அந்த வணக்கத்துக்கு ஒரு புள்ளையோட சோத்த எடுத்துக் குடுப்பேன்னா நெனச்சீங்க? காத்தால சொல்லியிருந்தா இந்தச் சேத்துக் காலோட அந்த வேன்லயே ஏறி வந்திருப்பேனே. எல்லார் எதிர்லயும் நான்தாண்டா போட்டேன்னு சொல்லியிருப்பேனே."

துளசிராமன் மருமகள் பக்கம் திரும்பினார்.

"அந்தப் புள்ள பாத்தான் இல்ல?"

"பாத்தான் மாமா."

"பாத்தும் சொல்லல."

"சொல்லல."

"எழுந்து நாற்காலி குடுத்தாம்மா எனக்கு." துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். "போன் போடு. நான் பேசறேன்."

திலகவதி ரிஜ்வானின் எண்ணைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கட் ஆகப் போகிற சமயத்தில் யாரோ எடுத்தார்கள்.

"தம்பி, நான் துளசிராமன் பேசறேன்பா..."

"ஐயா, நான் தானியேலு. மில் கேட்லேர்ந்து."

திலகவதி போனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "தானியேல்? ரிஜ்வான் போன் உங்க கிட்ட எப்படி?"

"டப்பாவுலதான் மேடம் கெடக்குது. மதியானம் அந்தப் பையன் போன் எடுக்காமலே பூட்டான். நானும் கவனிக்கல. நாலு மணிலேர்ந்து அவங்கம்மா, 'உம்மா'ன்னு பேரு வந்துக்கினே கீது. அடிச்சி அடிச்சி நிக்குது, திரும்ப அடிக்குது. அடுத்தவங்க போன எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான ரூல் போட்டீங்க? அதான் தொடல. இப்ப உங்க பேரு வந்துச்சேன்னு எடுத்தேன்."

மதியம் அவன் டப்பாவைத் தாண்டிப் போனது திலகவதியின் கண்முன் வந்தது. அவளும்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப ரிஜ்வான் இன்னும் ஊட்டுக்குப் போய்ச் சேரலையா?" என்றாள் முத்தம்மாள், யாரிடம் என்றில்லாமல்.

மதியம் பஸ் ஏறினவன் எப்போதோ பழவேற்காடு போயிருக்க வேண்டும். இருட்டத் தொடங்கிவிட்டது.

துளசிராமன் எழுந்து ஆணியில் மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டார். பூஜைக்குக் கஞ்சி போட்ட அதே சட்டை. அவசரத்தில் பட்டன் மேல்கீழாக மாட்டியது. "அன்பு, வண்டிய எடுடா," என்றார். அன்புசெல்வன் மறுபேச்சில்லாமல் எழுந்தான்.

போனில் தானியேல் இன்னும் இருந்தான். அவன் குரலுக்கு நடுவே டொக் டொக் என்று வேறொரு சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

"மேடம், அந்தம்மா திரும்பக் கூப்புடறாங்க. உம்மான்னு வருது. எடுக்கட்டா, வேணாமா?"

எடுங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். எடுத்தால், என் பிள்ளை எங்கே என்று பழவேற்காட்டிலிருந்து அந்த அம்மா கேட்பாள். தானியேல் என்ன சொல்லுவான்? திலகவதிதான் என்ன சொல்லுவாள்?

"சொல்லுங்க மேடம். எடுக்கட்டா?"